உருவம் ஒன்று, ஓசை வேறொன்று

பாடகர் ஒருவர் நம் முன்னே நின்று பாடும்போது, அவருடைய வாயசைவையும் குரலையும் நாம் இரண்டாகப் பிரித்து எண்ணுவதில்லை. இரண்டும் ஓரிடத்திற் பிறந்து ஒருங்கே நம்மை வந்தடைகின்றன. ஆனால், அவர் பாடுவதைப் படமாக்கித் திரையிலே காட்டத் தொடங்கிய அன்றே அவ்வொருமை குலைந்தது. உருவத்தைப் பிடித்த கருவி ஒன்று. ஓசையைப் பிடித்த கருவி மற்றொன்று. பிரிந்த இரண்டையும் மீண்டும் சேர்த்துக் காட்ட மனிதர் நூற்றாண்டுக்கு மேலாக முயன்று வந்திருக்கின்றனர். சேர்க்கக் கற்றவுடன், ஒன்றை விலக்கி அதனிடத்தில் வேறொன்றை வைக்கவும் கற்றுக்கொண்டனர். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

நடனசாலைகளில் இசைத்தட்டுகளை இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து ஒலிக்கச் செய்பவரை டிஸ்க் ஜொக்கி என்பர். பாட்டோடு அதற்குரிய படத்தையும் திரையில் ஓடவிடுபவர் வீடியோ ஜொக்கி எனப்படுவார். இவருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட பாட்டுப்படத்தின் ஒலி எப்போதும் ஆட்டத்துக்கு ஏற்றதாய் அமைவதில்லை. பாட்டுத் தொடங்குமுன் உரையாடல் வரலாம். இடையிலே கதவு சாத்தும் ஓசையோ மோட்டார் வண்டியின் இரைச்சலோ கலக்கலாம். பழைய நாடாவிலிருந்து எடுத்ததாயின் ஒலி மங்கியிருக்கும். அதே பாட்டு நல்ல இசைத்தட்டிலே தெளிவாகவும், நீளமாகவும், ஆடுவோரின் காலுக்கு இசைந்த தாளத்தோடும் கிடைக்கிறது. ஆகவே, படத்தின் ஒலியைக் களைந்து, தட்டின் ஒலியை அதனிடத்தில் வைக்க அவர் விரும்புகிறார். கேட்பதற்கு எளிய காரியமாகவே தோன்றும். செய்து பார்த்தவரே அதன் அருமையை அறிவர்.

இதன் தொடக்கத்தை அமெரிக்காவிலே காண்கிறோம். 1877இல் ஒலிப்பதிவுக் கருவியை ஆக்கிய தோமஸ் அல்வா எடிசன், செவிக்கு அக்கருவி செய்ததைக் கண்ணுக்குச் செய்யும் கருவியொன்றையும் ஆக்க முனைந்தார். நியூ ஜேர்சியிலுள்ள வெஸ்ட் ஒரேஞ்சில் அவரிடம் பணியாற்றிய டிக்சன் என்பவர், 1894ஆம் ஆண்டின் பிற்பகுதியிலோ அடுத்த ஆண்டின் முற்பகுதியிலோ ஒரு பரீட்சை செய்தார். ஒலியை வாங்கும் பெரிய கூம்புக் குழாயின் முன்னே நின்று அவர் வயலின் வாசிக்க, இரண்டு ஆடவர் அதற்கேற்ப ஆடினர். படம் ஏறத்தாழ 17 செக்கன் ஓடுவது. வாசிப்பு மெழுகு உருளையிலே பதிவாயிற்று. படம் சுருளிலும் ஒலி உருளையிலுமாக இரண்டும் தனித்தனியே கிடந்தன. இரண்டையும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே வேகத்தில் செலுத்தும் வழி அன்று கைகூடவில்லை. இந்த உருளையைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கும்.

பிரான்சிலே லெயோன் கோமோன் என்பவர் வேறொரு வழியை நாடினார். பாட்டை முதலிலே பதிந்துகொண்டு, அப்பதிவை ஒலிக்கச் செய்து, பாடகரை அதற்கேற்ப வாயசைக்கவிட்டுப் படம் பிடித்தார். அலிஸ் கீ என்னும் பெண்மணி இத்தகைய படங்கள் பலவற்றை 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே இயக்கினார். இன்றைய பாட்டுப்படத்தின் மூதாதை இவையே எனலாம். அங்கே உருவம் ஒரு நாளிலும் குரல் மற்றொரு நாளிலும் பிறந்தன. அவ்வாறு பிறந்தவற்றை மீண்டும் பிரிப்பதற்கும் மாற்றுவதற்கும் அன்றே வழி திறந்துவிட்டது.

1926ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆந் திகதி நியூ யோர்க் நகரிலே, வார்னர் சகோதரரின் ‘டொன் ஜுவான்’ என்னும் படம் வைட்டாபோன் என்ற முறையிலே காட்டப்பட்டது. அம்முறையில் ஒலி, படச்சுருளில் இல்லை. 16 அங்குல விட்டமுள்ள தட்டிலே இருந்தது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் சுழன்றது. படச்சுருளின் தொடக்கச் சட்டத்தைக் கருவியின் வாயிலில் நிறுத்தி, தட்டிலே குறித்த இடத்தில் ஊசியை வைத்து, இரண்டையும் ஒரே மோட்டாரினால் ஓட்டுவர். சுருள் அறுந்துவிட்டால் வந்தது வினை. சேதமுற்ற சட்டங்களை வெட்டி ஒட்டினால், அந்த இடத்திலிருந்து படம் ஒலியை முந்திவிடும். ஆதலால், எத்தனை சட்டங்கள் போயினவோ அத்தனை கறுப்புச் சட்டங்களை எண்ணிச் சேர்க்க வேண்டும். திரை ஒரு கணம் இருண்டாலும் பொருத்தம் பிழைக்கும். இன்று கணினியிலே இவ்வேலை செய்வோரும் இக்கணக்கையே வேறு உருவிற் செய்கின்றனர்.

சில ஆண்டுகளில் ஒலி, படச்சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதியப்பட்டது. தட்டு மறைந்தது. எனினும், ஒரே சுருளில் இருந்தமையால் இரண்டும் ஒன்றாகிவிடவில்லை. ஓரத்திலிருந்த கோட்டை நீக்கி வேறு கோட்டை இடுவதற்குத் தடை யாதுமில்லை. தமிழ்ப்படவுலகம் இதனை விரைவிலே கண்டுகொண்டது. 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்தில், நடிகை ஒருவரின் பாட்டு நிறைவளிக்காமையால், ஏ. வி. மெய்யப்பன் லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்து அக்குரலைப் படத்தோடு பொருத்தினார் என்பர். 1944இல் கன்னட ‘ஹரிச்சந்திரா’ படத்தின் பேச்சை நீக்கித் தமிழ்ப் பேச்சை இட்டு வெளியிட்டவரும் அவரே. பின்னணிப் பாட்டு, மொழிமாற்றம் என்று நாம் பழகிப்போன இரண்டும், படத்தை வைத்துக்கொண்டு ஒலியை மாற்றும் ஒரே வித்தையின் இரு கிளைகளாம்.

பாட்டுக்கெனவே தனிப்படம் எடுக்கும் வழக்கமும் இக்காலத்தில் வளர்ந்தது. 1940இல் சிக்காகோவின் மில்ஸ் கொம்பனி, காசு போட்டால் பாட்டுப்படம் காட்டும் பெட்டியை உணவுச்சாலைகளுக்கும் மதுச்சாலைகளுக்கும் அனுப்பியது. 10 சதம் போட்டவருக்குச் சுருளிலே அடுத்து எது நின்றதோ அதுவே கிட்டும். விரும்பியதைத் தெரிய இயலாது. 1960இல் பிரான்சிலே தோன்றிய ஸ்கோப்பிட்டோன் என்னும் பெட்டியோ 36 படங்களுள் வேண்டியதைத் தெரிய இடமளித்தது. இரண்டு பெட்டிகளுக்கும் எடுத்த படங்களிலே, முன்பே பதிந்த பாட்டுக்குப் பாடகர் வாயசைத்தனர்.

இதற்கிடையே, 1956 ஏப்பிரலில் அம்பெக்ஸ் கொம்பனி உருவத்தைக் காந்த நாடாவிலே பதியும் கருவியைக் காட்டியது. நாடாவிலே உருவத்துக்கு ஒரு தடம், ஒலிக்கு மற்றொரு தடம். 1976இல் யப்பானின் ஜே.வி.சி. கொம்பனி வி.எச்.எஸ். நாடாவை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதிலே ஒலித்தடம் நாடாவின் விளிம்பை ஒட்டி நேர்கோடாக ஓடியது. ஆகையால், உருவத்தைத் தொடாமல் அவ்விளிம்பை மட்டும் அழித்துப் புதிய ஒலியைப் பதியலாம். சில கருவிகளில் அதற்கெனத் தனிப் பொத்தானே இருந்தது. பெருந்திரைக் கொம்பனிகள் செய்த வித்தை, சாதாரண மனிதனின் விரல் நுனிக்கு வந்தது. பின்னர் ஒலித்தரத்தை உயர்த்தும்பொருட்டு ஒலியையும் உருவத்தோடு ஒரே சாய்வுத் தடத்திலே பதியும் முறை வந்தபோது, அம்முறையிற் பதிந்த ஒலியைத் தனியே மாற்றும் வழி அடைபட்டது. தரம் கூடிற்று, மாற்றும் சுதந்திரம் குறைந்தது.

அதே 1976ஆம் ஆண்டிலே, நடனசாலைகளுக்கு ஏற்ற 12 அங்குல இசைத்தட்டு நியூ யோர்க்கிலே விற்பனைக்கு வந்தது. மூன்று, நான்கு நிமிடப் பாட்டு அதிலே இரு மடங்கும் அதற்கு மேலும் நீண்டது. ஆடுவோர் களைக்கும் வரை தாளம் ஓய்வதில்லை. 1980 அளவிலே அந்நகரின் ஹுரா முதலிய நடனசாலைகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மெரில் அல்டிகியெரி என்னும் கலைஞர் அங்கே நாடாக்களைக் கலந்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர். 1981 ஓகஸ்ட் முதலாந் திகதி எம்.ரி.வி. நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அது முதலிலே காட்டிய பாட்டுப்படத்தின் தலைப்பு, வீடியோ வானொலி நட்சத்திரத்தைக் கொன்றது என்னும் பொருளுடையது. அதன் பின்னர் பாட்டுக்குப் படம் என்பது விதியாயிற்று. ஆயின், தொலைக்காட்சிக்குக் குறும்பதிப்பு, நடனசாலைக்கு நெடும்பதிப்பு. படம் குறும்பதிப்புக்கே எடுக்கப்பட்டது. இந்த முரண்பாட்டிலிருந்தே ஒலிமாற்றும் தேவை எழுந்தது.

2004இல் பயனியர் கொம்பனி, டீ.வீ.டி. தட்டிலுள்ள உருவத்தையும் ஒலியையும் இசைத்தட்டைப்போலவே முன்னும் பின்னும் உருட்டவும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் வல்ல கருவியை வெளியிட்டது. இன்று அவ்வேலை கணினியிலே நடைபெறுகிறது. கணினிக் கோப்பு ஒரு பெட்டகத்தை ஒத்தது. உள்ளே உருவம் ஒரு சுருளாகவும் ஒலி மற்றொரு சுருளாகவும் அருகருகே இருக்கின்றன. பெட்டகத்தைத் திறந்து ஒலிச்சுருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து மூடலாம். உருவத்தை மீண்டும் சுருக்கிப் பதிய வேண்டியதில்லை. அவ்வாறு பதியும் ஒவ்வொரு தடவையும் படம் சற்றே மங்கும் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

இனி, பொருத்தம் எவ்வாறு பார்ப்பது என்பதை நோக்குவோம். கருநாடக சங்கீதம் அறிந்த நேயர்களுக்கு மூன்று சொற்களால் இதனை விளக்கலாம்: எடுப்பு, காலப்பிரமாணம், முடிப்பு.

முதலாவது எடுப்பு. பழைய ஒலியை உடனே எறிந்துவிடலாகாது, அதுவே வழிகாட்டி. படத்தின் பழைய ஒலியையும் புதிய ஒலியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கணினித் திரையிலே விரித்து, முதலாவது தெளிவான தாள அடி இரண்டிலும் ஒரே இடத்தில் விழும்படி நகர்த்த வேண்டும். பின்னர் இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் செய்தால், பிசகு இருப்பின் கிணற்றுக்குள்ளே பேசுவதுபோல் எதிரொலி கேட்கும். எதிரொலி மறைந்து இரண்டும் ஒரே குரலாகிவிட்டால் எடுப்பு அமைந்தது.

இரண்டாவது காலப்பிரமாணம். தொடக்கத்திற் பொருந்திய பாட்டு முடிவிலே விலகுமாயின், இரண்டின் வேகமும் ஒன்றன்று. விலகும் அளவைக் கொண்டே நோயை அறியலாம். அமெரிக்காவிலும் யப்பானிலும் தொலைக்காட்சி செக்கனுக்கு 29.97 சட்டங்களைக் கொண்டது; 1953இல் நிறத் தொலைக்காட்சிக்கு வகுத்த விதியால் 30 என்னும் முழு எண் இவ்வாறு குறைந்தது. அதை யாரேனும் 30 என்று கொண்டுவிட்டால், 4 நிமிடப் பாட்டின் முடிவிலே ஏறத்தாழ கால் செக்கன் விலகும். சினிமாச் சுருளுக்குரிய 24 சட்டங்களை, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கும் 25 ஆக ஓட்டினால், அதே பாட்டு 9.6 செக்கன் முந்தி முடியும். அதனோடு ஒலியையும் விரைவுபடுத்தினால் சுருதியும் முக்கால் அரைச்சுர அளவு ஏறும். 1982இல் வந்த இசைக் குறுந்தட்டு, ஒலியை ஒரு செக்கனுக்கு 44,100 கூறுகளாக அளக்கிறது. வீடியோவிலே 48,000 கூறுகள் என்பது வழக்கம். முன்னதைப் பின்னதாகக் கருதி ஓட்டினால் நூற்றுக்கு 8.8 பங்கு வேகம் கூடும். இவையன்றி, நடுவிலே ஓரிடத்தில் மட்டும் திடீரென விலகுமாயின், அது வேகப்பிழையன்று. அவ்விடத்திலே பாட்டை வெட்டியோ நீட்டியோ இருக்கின்றனர் என்று அறிக.

மூன்றாவது முடிப்பு. நெடும்பதிப்பின்கீழ் குறும்படம் போதாது. மிகுதிக்கு எந்தக் காட்சியை மீண்டும் காட்டுவது என்பதை இங்கே தீர்மானிக்க வேண்டும். பாடகரின் வாய் தெரியும் காட்சியைப் பல்லவிக்கு வேண்டுமானால் மீண்டும் பயன்படுத்தலாம்; சொல் ஒன்றே ஆதலின் வாயசைவும் ஒன்றே. சரணத்திற்கு அது பொருந்தாது. கருவியிசை நீளும் இடங்களில் ஆட்டக் காட்சியும் தூரக் காட்சியுமே தக்கவை.

எவ்வளவு பிசகை மனிதர் பொறுப்பர்? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் இதற்கு அளவு கூறியது. ஒலி முந்துமாயின் 45 மில்லிசெக்கனிலேயே பார்ப்போர் அதனை உணர்வர். பிந்துமாயின் 125 மில்லிசெக்கன் வரை உணரார். இவ்வேறுபாட்டிற்கு இயற்கையே காரணம் காட்டுகிறது. ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்வது. 34 மீற்றர் தூரத்தில் தவில் அடிப்பவரின் கோல் விழுவதை நாம் கண்டு, பத்திலொரு செக்கன் கழித்தே ஓசையைக் கேட்கிறோம். கண்டபின் கேட்பது நமக்குப் பழக்கம். கேட்டபின் காண்பது உலகில் இல்லாதது. ஆகவே, ஐயம் நேருமிடத்து ஒலியைச் சிறிது பிந்தவிடுதலே தகும். அன்றியும், நடனசாலையிலே தாளமே தலைவன். வேகத்தைத் திருத்த நேரின், படத்தைத் திருத்த வேண்டும். சட்டமொன்று கூடினாலும் குறைந்தாலும் கண் மன்னிக்கும். தாளம் தவறினால் கால் மன்னிக்காது.

இதுவரை காலத்தின் நேர்மையைக் கூறினோம். இனிப் பெயரின் நேர்மையைக் கூற வேண்டும். ஒருவர் முகத்தின்கீழ் மற்றொருவர் குரலை வைக்கும் ஆற்றல் சிறியதன்று. 1949இல் வெளிவந்த ‘மகல்’ என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். இசைத்தட்டிலோ ‘காமினி’ என்று கதாபாத்திரத்தின் பெயரே அச்சிடப்பட்டது. பாடியவர் யார் என்று வானொலி நிலையத்தை நேயர்கள் கேட்டுக் கேட்டே அவருடைய பெயர் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் இக்குறை தீரவில்லை. 1990இல் அமெரிக்கப் பாடகி மார்த்தா வாஷ் பாடிய நடனப்பாட்டு ஒன்றின் படத்திலே, ஸெல்மா டேவிஸ் என்னும் வேறொரு பெண் வாயசைத்தார். பாடியவருடைய பெயர் உரிய இடத்திலே காணப்படவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக, குரல் யாருடையது, தோற்றம் யாருடையது என்ற குறிப்பு அப்படத்திற் சேர்க்கப்பட்டது. வாயசைத்தமை குற்றமன்று, கோமோன் காலந்தொட்டு அது நடைபெறுகிறது. பாடியவரை மறைத்தமையே குற்றம்.

ஒலிமாற்றுவோர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். படத்துக்கு உரிமையாளர் ஒருவர். பாட்டின் பதிவுக்கு உரிமையாளர் வேறொருவராயிருக்கலாம். ஒன்றுக்குப் பெற்ற அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது. ஒரே பாட்டை இருவர் வெவ்வேறு காலத்திற் பாடியிருந்தால், ஒருவரின் உருவத்தின்கீழ் மற்றவரின் குரலை அறியாமல் வைத்துவிடுதலும் எளிது. பத்து ஆண்டு கழித்து அக்கோப்பைக் காணும் இளைஞன், திரையிற் காண்பவரே பாடினார் என்று நம்புவான். பிழையான சரித்திரம் இவ்வாறுதான் ஓசையின்றி உருவாகிறது.

இனி டிக்சனின் உருளைக்கு வருவோம். படச்சுருள் ஓரிடத்திலே பேணப்பட்டது. உருளை உடைந்த நிலையில் வெஸ்ட் ஒரேஞ்சிலுள்ள எடிசன் நினைவுச்சாலையிலே இருந்தது. 1998இல் அவ்வுருளை செப்பனிடப்பட்டு அதன் ஒலி மீண்டும் பதியப்பட்டது. 2000ஆம் ஆண்டளவிலே, பெயர்பெற்ற படத்தொகுப்பாளர் வால்ட்டர் மர்ச் அதனைக் கணினியிலே வைத்து, இரண்டு நிமிட வாசிப்பில் எந்தப் பகுதி 17 செக்கன் படத்துக்கு உரியது என்று ஆராய்ந்தார். வில்லின் அசைவே அவருக்கு வழிகாட்டி. வில் இழுபடும் இடத்தையும் நாதம் எழும் இடத்தையும் ஒப்பிட்டு, வேகத்தைச் சரிசெய்து, எடுப்பைக் கண்டார். நூறு ஆண்டுக்கு மேல் ஊமையாய் ஆடிய இருவர் அன்று வயலினுக்கு ஆடினர். அவர் செய்ததும் நடனசாலையின் வீடியோ ஜொக்கி செய்வதும் தொழில்முறையில் ஒன்றே.

ஆயினும், மர்ச்சின் திறமை மட்டும் அதற்குப் போதுமானதாக இருந்திராது. உருளையின் உறைமீது, இது டிக்சன் படக்கருவியோடு வாசித்த வயலின் என்று எவரோ குறித்து வைத்திருந்தனர். அச்சிறு குறிப்பு இல்லையேல், அது பெயரறியா வயலின் ஓசை நிரம்பிய உடைந்த மெழுகுத் துண்டாகவே ஒழிந்திருக்கும். இக்காலத்தில் ஒலிமாற்றும் ஒவ்வொருவரும் அதனையே செய்யலாம். மூலக் கோப்பை மாற்றாது தனியே வைத்து, புதிய கோப்போடு, படம் எது, ஒலி எந்தப் பதிவிலிருந்து வந்தது, பாடியவர் யார், எவ்வளவு நகர்த்தி எந்த வேகத்திற் பொருத்தப்பட்டது என்னும் நான்கு வரிகளை எழுதி வைக்க வேண்டும். எழுதுவதற்கு இரண்டு நிமிடமும் ஆகாது. பின்வருவோர் உருவத்தையும் ஓசையையும் அவரவர்க்கு உரியதாகப் பிரித்தறிய அதுவே துணையாகும்.